ரைவல் என்றால் பங்காளி

மகனே,

கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்பார்கள். உன் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். செமினியில் புது வீட்டுக்கு நீயே ஏர்கான் மாட்டிக்கொண்டிருக்கிறாய், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் போனில் சொன்னாள். நலமாக இல்லாதவள் உன் சித்தி. கிள்ளான் ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒரு குழாயும் கையில் ஒரு குழாயுமாகக் கிடக்கிறாள். இதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். எடுத்தால் "ம்மா, வேலையா இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வேலைபார்த்த காலமெல்லாம் கோர்ட்டில் அடுத்தவர்கள் பேச்சை மொழிபெயர்த்துக் கொடுத்தவள் நான். என் பேச்சை நானே பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டேன். உட்கார்ந்து பொறுமையாகப் படி. படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை.

நீ சொன்ன ஒரு சொல்லில்தான் இது தொடங்கியது. தண்ணீர் வெட்டு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று, கல்யாணப் புடவை எடுக்க நான் சுபாங் ஜெயாவில் உன் மாமனார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்னால் இருக்கும் தண்ணீர்த் தாங்கி நிறைந்திருக்கிறது, பார்த்துச் செலவழிக்கச் சொல்லி சித்தியிடம் சொல்லிவிடு என்றேன். அதற்கு நீ வாட்ஸ்அப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "என் ரைவல் வீட்டுக்கு நான் எதுக்கும்மா தண்ணி குடுக்கணும்?" என்றாய். ரைவல் என்று நீ சொன்னது தினேஷை. உன் சித்தப்பா மகனை. பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு பேரும் சேர்ந்து ஏர்கான் கடை போட்டு, சேர்ந்து ஏணி தூக்கி, பிறகு முட்டிக்கொண்டு, அவன் அதே தெருவில் தனிக்கடை போட்டதிலிருந்து உனக்கு அவன் பெயரே வாயில் வருவதில்லை. உன் வாடிக்கைக்காரர்கள் அவன் வேனைக் கூப்பிடுகிறார்கள் என்ற எரிச்சல் எனக்குப் புரிகிறது. அன்று நீ சொன்னதையும் அந்த எரிச்சல் என்றுதான் நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இந்த ரைவல் என்ற சொல் என்னை ஒருமுறை கோர்ட்டில் தலைகுனிய வைத்திருக்கிறது. நான் வேலையில் சேர்ந்த புதிது. மேரு பக்கம் காய்கறி போடும் இரண்டு குடும்பங்களுக்குள் பாரிட் தகராறு. பாரிட் என்றால் உனக்குத் தெரியுமே, தோட்டத்துக்குத் தண்ணீர் போகும் அந்தக் குறுக்குக் கால்வாய்தான். ஒருவர் பலகை வைத்து அடைத்துவிட்டார், மற்றவர் பாராங் கத்தியை எடுத்துவிட்டார். கூண்டில் நின்ற பெரியவரிடம் வக்கீல் ஆங்கிலத்தில், அவர் உங்கள் ரைவல்தானே என்று கேட்டார். எதிரிதானே என்று நான் தமிழில் கேட்டிருக்க வேண்டும். வாய் என்னவோ, "அவரு உங்க பங்காளிதானே?" என்று கேட்டுவிட்டது. "ஆமாங்கம்மா, சித்தப்பா மவன்" என்றார் பெரியவர். ஆமாம் என்கிறார் என்று நானும் சொல்லிவிட்டேன். வக்கீலுக்கு வாயெல்லாம் பல். சாட்சியே பகையை ஒப்புக்கொண்டுவிட்டாரே! எனக்கு அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கி மாஜிஸ்திரேட்டிடம் என் தப்பைச் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொன்னார்கள். இந்தத் தடவை ஒழுங்காக, "அவரு உங்க எதிரியா?" என்று கேட்டேன். பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "எதிரியா? எவன் சொன்னான்? பங்காளிக்குள்ள ஆயிரம் இருக்கும், வெட்டிக்குவோம் குத்திக்குவோம். எதிரின்னு சொல்ல நீ யாரும்மா?" என்று என்மேல் பாய்ந்தார். கோர்ட்டே சிரித்தது, நான் மட்டும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடப் போகாமல் நூலக அறையில் அகராதியைத் தேடி எடுத்தேன். என் வாய் ஏன் அப்படித் தவறியது என்று எனக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது. லத்தீன் மொழியில் ரிவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். ரிவாலிஸ் என்றால் அதே வாய்க்காலில் உன்னோடு தண்ணீர் எடுப்பவன். அவ்வளவுதான். பகை இல்லை, போட்டி இல்லை, வெறும் பக்கத்து வயல்காரன். ரோமாபுரிச் சட்டத்தில்கூட அந்தச் சொல் அந்தப் பொருளில்தான் வருகிறதாம். ஆனால் ஒரு வாய்க்காலும் இரண்டு வயலும் இருந்தால் அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே இருப்பவன் அடைப்பான், கீழே இருப்பவன் கத்துவான். கொஞ்ச காலத்தில் ஒரே பெண்ணை விரும்பும் இரண்டு ஆண்களையும் அந்தச் சொல்லாலேயே கேலியாகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்துக்கு வந்தபோது தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது, பகை மட்டும் மிச்சம். நடுவில் கொஞ்ச காலம் ஆங்கிலத்திலேயே கூட்டாளி என்ற பொருளும் அதற்கு இருந்திருக்கிறது. அது நிலைக்கவில்லை. இத்தனைக்கும் ரிவர் என்ற சொல் இதற்குச் சொந்தமில்லை. அது கரை என்ற சொல்லிலிருந்து வந்ததாம். பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்கும் சொற்களுக்குள் உறவில்லை, பார்த்தால் சம்பந்தமே இல்லாத பகைக்கும் வாய்க்காலுக்கும் உறவு. நம் பங்காளியும் இதே வழியில் வந்தவன்தான். பங்கு இருக்கிறவன் பங்காளி. அந்த நல்ல சொல்லைப் பங்காளிக் காய்ச்சல், பங்காளிச் சண்டை என்று நாம்தான் கெடுத்து வைத்தோம். ரோமாபுரிக்காரனும் நம் பாட்டனும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. புத்தி மட்டும் ஒரே மாதிரி போயிருக்கிறது. என் மொழிபெயர்ப்பு சட்டப்படி தப்பு, அகராதிப்படி சரி என்று அன்று எனக்கு ஒரு சின்னத் திமிர்கூட வந்தது.

உன் அப்பாவும் சித்தப்பாவும் நல்ல ரைவல்கள், பழைய அர்த்தத்திலும் புது அர்த்தத்திலும். பக்கத்துப் பக்கத்து வீடு வாங்கியதும் அவர்கள்தான், பின்கட்டுச் சுவரை ஒட்டி மேடை கட்டி இரண்டு வீட்டுக்கும் பொதுவாக அந்தப் பெரிய தாங்கியை வைத்ததும் அவர்கள்தான். இரண்டு பக்கத்துக்கும் குழாய், திருகும் வால்வு மட்டும் நம் பக்கம். தாங்கி வந்த கொஞ்ச நாளிலேயே எதற்கோ சண்டை. காரணம் கேட்காதே, அந்த இரண்டு பேருக்குமே போய்ச் சேர்வதற்குள் மறந்துவிட்டது. வருஷக்கணக்கில் பேச்சு இல்லை. ஆனால் தீபாவளிக்கு முன்னால் தாங்கியைக் கழுவியாக வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். உன் சித்தப்பா ஒல்லி, உள்ளே இறங்கித் தேய்ப்பார். உன் அப்பா வெளியே ஏணியில் நின்று ஹோஸைப் பிடிப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு தட்டு தட்டினால் தண்ணீர் விடு, இரண்டு தட்டினால் நிறுத்து. நானும் உன் சித்தியும் அடுப்படி ஜன்னலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். பேசாமல் இருந்த அத்தனை வருஷத்திலும் உன் அப்பா அந்த வால்வைத் தொட்டதில்லை. தொடலாம் என்ற எண்ணம்கூட அவருக்கு வந்திருக்காது. கோபம் வேறு, தண்ணீர் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தெரிந்திருந்தது.

இப்போது நீ செய்ததற்கு வருகிறேன். சுபாங் ஜெயாவில் சில நாள் தங்கிவிட்டு நான் திரும்பியபோது ஊர் முழுக்க இன்னும் தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் தண்ணி லோரிக்கு வாளியோடு வரிசை நின்றது, அதில் தினேஷும் நின்றான். நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்கட்டுக்குப் போனேன். சித்தி வீட்டுக் குழாயின் வால்வு மூடியிருந்தது. மூடியிருந்தது மட்டுமா, கறுப்புக் கேபிள் டையைப் போட்டு இரண்டு சுற்று சுற்றி, இழுத்து, வாலை ஒட்ட நறுக்கிக் கட்டியிருந்தது. அப்படி நறுக்கிக் கட்டுவது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். நம் வீட்டில் ஃபேனிலிருந்து பூந்தொட்டி வரைக்கும் உன் கட்டுதான். அடுப்படிக் கத்தரிக்கோலை எடுத்துவந்து வெட்டித் திறந்துவிட்டேன். அன்றே உன்னை உலுக்கிக் கேட்டிருக்க வேண்டும். கல்யாணம் நெருங்குகிறது, வீட்டில் சத்தம் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். நீயும் மறுநாளே செமினிக்குப் போய்விட்டாய்.

உன் சித்திக்குக் கிட்னி போய்விட்டது, வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே அவளே மருந்துநீர்ப் பை மாற்றிக்கொள்கிறாள் என்பது உனக்குத் தெரியாததில்லை. அந்த வேலைக்கு உட்காரும் முன் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கை கழுவ வேண்டும். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தபோது நீயும்தான் பக்கத்தில் நின்றாய், சிங்க்கில் முழங்கையால் திருப்பும் நீளக் குழாயை மாட்டிக்கொடுத்ததே நீதான். தண்ணீர் நின்ற பிறகு அவள் போத்தல் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றிக் கழுவியிருக்கிறாள். அப்புறம் வயிற்றுவலி, காய்ச்சல், பையில் வந்த நீர் கலங்கியிருந்தது. கிருமி உள்ளே போய்விட்டது என்றார்கள். தண்ணீர் இல்லாததுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. வேறு எப்படியும் வரலாமாம். நானும் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் டாக்டர் சொல்லாததன் பின்னால் போய் நீ ஒளிந்துகொள்ளாதே.

முந்தாநாள் அவளைப் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அக்கா, அன்னிக்கு நான் தம்பிக்குப் போன் பண்ணேன். பைப்புல தண்ணி வரலயே, ஒங்க பக்கம் வருதாய்யான்னு கேட்டேன். எங்களுக்கும் இல்ல சித்தின்னான். பாவம்க்கா, கல்யாண வீடு, தண்ணி இல்லாம என்னதான் பண்ணீங்க?" அவள் கிடக்கிற கிடையில் நம் வீட்டுக்காகக் கவலைப்பட்டாள். நான் என்ன சொல்வேன்? சமாளிச்சோம் என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வால்வை மூடியதைக்கூட கோபத்தில் செய்தது என்று ஒருநாள் மறப்பேன். கை கழுவத் தண்ணீர் கேட்டவளிடம் இல்லை என்று சொன்னாயே, அதை எப்படி மறப்பேன் என்று தெரியவில்லை. நீ என் வயிற்றில் பிறந்தவன் என்பதற்காக வெட்கப்பட்டது அன்றுதான்.

அதற்கு மேல் உன் மாமனாரிடம் நீ பேசிய பேச்சு. சித்திக்கு ஏதாவது ஆகிவிட்டால் தீட்டு வந்து கல்யாணம் நின்றுவிடுமே என்று அவர் பயந்தாராம். அதற்கு நீ, "அவங்களோட எங்களுக்குப் பேச்சுவார்த்தையே இல்ல அங்கிள், அந்தத் தீட்டு எங்களுக்கு வராது" என்றாயாம். அவரே என்னிடம் சொன்னார். ஐயா மகனே, தீட்டுக்கு வால்வு கிடையாது. பங்காளி வீட்டில் பிறந்தாலும் தீட்டு, போனாலும் தீட்டு. பேசினாயா பேசவில்லையா என்று அது கேட்பதில்லை. எனக்கு இந்தச் சாஸ்திரத்தில் எல்லாம் பெரிய பற்று இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் அப்பா போனபோது பதினாறாம் நாள் வரைக்கும் தினேஷ் வீட்டில் விளக்கேற்றவில்லை, கறி, மீன் ஆக்கவில்லை. அவன் அப்போது உன்னோடு சண்டையில்தான் இருந்தான். நீ அதைக் கவனித்தாயா?

கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறாய், அதனால் இதையும் சொல்கிறேன். செமினி வீட்டில் இரண்டு பேருக்கும் ஒரு குளியலறை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு சம்பளத் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. உன் பெண்டாட்டியும் உனக்கு ரைவல்தான், அந்த வாய்க்கால் அர்த்தத்தில். கூட இருந்து எடுத்துக்கொள்கிறவர்களோடுதான் மனுஷனுக்குச் சண்டை வரும். பினாங்கில் இருக்கிறவனோடு உனக்கு என்ன சண்டை? சண்டை வரட்டும், கத்து, சாப்பிடாமல் படு, வேண்டுமானால் உன் அப்பா மாதிரி வருஷக்கணக்கில் பேசாமல் இரு. அவளுக்கு எது இல்லாவிட்டால் ஆகாதோ, அதன்மேல் மட்டும் கை வைக்காதே. இது ஒன்றுதான் நான் உனக்குத் தரும் புத்திமதி. அதற்கு மேல் எனக்கே தெரியாது.

இன்று காலை தினேஷ் வந்தான். உன் கல்யாணச் சாமான்கள் பாதி பிரித்தும் பாதி பிரிக்காமலும் கிடக்கும் முன்னறையில், உட்காராமல் நின்றான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். இன்றையும் நாளையையும் தாண்ட வேண்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும் என்றிருக்கிறார். காபி கொடுத்தேன், தொடவில்லை. "பெரியம்மா, அண்ணன்தான் மூடினாருன்னு எனக்குத் தெரியும்" என்றான். "செவுத்துமேல ஏறிப் பார்த்தேன். அந்தக் கட்டு யாரு கட்டுன்னு தெரியாதா? அவருதானே எனக்குக் கட்டக் கத்துக்குடுத்தாரு." பார்த்தபோதே வெட்டியிருக்கக் கூடாதாடா என்று கேட்டேன். அதற்கு அவன் அழுதான். இவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. "வெட்டியிருக்கலாம் பெரியம்மா. கட்டர் கையிலதான் இருந்துச்சு. வீம்பு லா. அவரே வந்து தொறக்கட்டும்னு எறங்கிட்டேன். அம்மாவுக்குப் போத்தல் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு, நானும் வீம்பா இருந்துட்டேன்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எதற்காக வந்தானோ அதைச் சொன்னான். "அம்மாவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியிலயே வச்சிருக்கச் சொல்லிருவேன். தாலி கட்டி முடியட்டும், அப்புறமா சொல்றேன். அண்ணன் கல்யாணம் நிக்கக் கூடாது பெரியம்மா. அம்மாவே அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்காங்க." இதுதான் உன் ரைவல். பெற்றவளுக்கு ஒன்று ஆனால், வாய்விட்டு அழாமல் நீ தாலி கட்டும் வரைக்கும் காத்திருக்கிறேன் என்று என்னிடம் வந்து நிற்கிறான். சரி என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒன்றை மறைத்துவைத்துக்கொண்டு உன் தலையில் அட்சதை போட என் கை வராது. அப்படி ஏதாவது ஆனால் கல்யாணம் நிற்கும். உன் மாமனாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இன்னும் எதுவும் ஆகவில்லை. மூச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது, வருகிறவர்களை அடையாளம் தெரிகிறது. வால்வு விஷயத்தை நான் அவளிடம் சொல்லவில்லை, தினேஷும் சொல்லவில்லை. அது எங்கள் இரண்டு பேர் வாயில் வர வேண்டிய பேச்சு இல்லை. மத்தியானம் தினேஷ் காரில் நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பார்க்க விடுவார்கள், செமினியிலிருந்து நெரிசலில் வந்தாலும் அதற்குள் வந்துவிடலாம். நீ வருவாய் என்று சித்திக்குப் போனில் சொல்லிவிட்டேன். "வரானா? வேலைய விட்டுட்டா?" என்று சந்தோஷப்பட்டாள். ஏற்கெனவே உன் பொய் ஒன்றை நம்பிக்கொண்டிருக்கிறவள் அவள். இன்னொரு பொய்யை என் வாயால் சொல்ல வைத்துவிடாதே.

அம்மா